தனியாக, உதவியின்றி

என் ஆயுளில் ஆயிரக்கணக்கான கையெழுத்துப் போட்டிருப்பேன். ரேங்க் கார்டு, வருகைப் பதிவேடு, லீவு லெட்டர் என்று அது ஒரு கணக்கில் அடங்காது. அதில் ஒன்றே ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், வில்லியனூரிலிருந்து சேதராப்பட்டு வரைக்கும் வெறுங்காலோடு நடந்து போய் வாங்கி வருவேன். யாரும் சொல்லவில்லை.

நான் இங்கிலீஷ் டீச்சர். பதினேழு வருஷம் ஒரு தனியார் பள்ளியில் இருந்தேன். பிள்ளைகள் இலக்கண விதியை ஒப்பிப்பார்கள், காலியிடத்தை நிரப்புவார்கள், நூற்றுக்குத் தொண்ணூறு வாங்குவார்கள். ஆனால் பஸ்ஸில் ஒரு வெளியூர்க்காரர் வழி கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள். இது படிப்பா, தண்டனையா என்று தாளாளரிடம் ஒருநாள் கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வருஷமே வெளியே வந்துவிட்டேன். அதன் பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாகப் போய்ப் பேச்சு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன்.

என் முறை வேறு. மொழி என்பது பரீட்சைத் தாள் அல்ல, அதை வைத்துக் காரியம் நடக்க வேண்டும். தப்பாகப் பேசு, ஆனால் பேசு. சொல்ல வந்தது எதிராளிக்குப் போய்ச் சேர்ந்ததா, அதுதான் மார்க். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று முதல் வகுப்பிலேயே போர்டில் எழுதுவேன். அதன் கீழே ஒரு கட்டில் வரைவேன். கட்டிலுக்கு நாலு கால், பேச்சுத் திறமைக்கும் நாலு கால் என்பேன். வாக்கியத்தைச் சரியாகக் கட்டத் தெரிவது ஒன்று. யாரிடம், எப்போது, எப்படிப் பேசுவது என்று தெரிவது இரண்டு. முன்னே சொன்னதையும் பின்னே சொல்வதையும் கோத்துக்கொண்டு போவது மூன்று. வார்த்தை கிடைக்காமல் தடுமாறும்போது எப்படியாவது சமாளிப்பது நான்கு. பாடப்புத்தகம் முதல் காலை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறது, நான் நாலையும் பார்க்கிறேன் என்று பீற்றிக்கொள்வேன். பீற்றல்தான், வேறென்ன.

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி. தரை கழுவுகிற, பாத்திரம் கழுவுகிற திரவங்கள் செய்கிறவர்கள். பேர் வேண்டாம். அங்கே புதிதாக ஒரு மேனேஜர் வந்திருந்தார். வடக்கத்திக்காரர், தமிழ் ஒரு சொல் வராது. வேலை உத்தரவு எல்லாம் வாக்கி டாக்கியில் இங்கிலீஷில்தான். பேக்கிங் பிரிவிலிருந்த ஆறு பெண்களைத் திரவம் கலக்கிற தொட்டி ஷெட்டுக்கு ஆபரேட்டர்களாக எடுக்கப் போகிறோம், மூன்று மாசத்தில் அவர்களைத் தயார் பண்ணுங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். வாரம் இரண்டு நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கேன்டீனில் வகுப்பு.

ஆறு பேரில் ஒருத்தியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். பாகூர்ப் பக்கத்துக் கிராமம். முப்பத்தைந்து வயதிருக்கும். சின்ன வயதில் அம்மாவோடு நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவள், பிறகு இந்தக் கம்பெனியில் ஒன்பது வருஷமாகக் காண்ட்ராக்ட் கூலி. ஆபரேட்டர் ஆனால் வேலை நிரந்தரம். "பர்மனென்ட்" என்ற சொல்லை அவள் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வாள், சத்தமாகச் சொன்னால் ஓடிப்போய்விடும் என்கிற மாதிரி.

முதல் நாள் நான் சொல்லிக்கொடுத்த முதல் வாக்கியம் இது: "சாரி சார், ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட். ப்ளீஸ் ஸே அகைன்." புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள். இது ஒன்று தெரிந்தால் போதும், மற்ற எதுவும் தெரியாவிட்டாலும் உயிர் பிழைக்கலாம் என்றேன். அந்த வார்த்தையைத்தான் சொன்னேன், உயிர் என்று. ஆறு பேரும் கோரஸாகச் சொன்னார்கள். பிசிறில்லாமல் சொன்னார்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் நான் மேனேஜராக நடித்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அதோடு அந்தப் பாடம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

அதன் பிறகு மூன்று மாசமும் அந்த வாக்கியத்தை அவர்கள் ஒரு தடவைகூட நிஜமாகப் பயன்படுத்தவில்லை. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வகுப்பு எப்படி நடக்கும் என்றால், நான் இங்கிலீஷில் ஒரு வேலை சொல்வேன். சிவப்பு டப்பாவை ஜன்னல் பக்கம் வை, பச்சையைத் திறக்காதே, மூன்றாவது டப்பாவில் உள்ள எண்ணைப் படித்துவிட்டு என்னிடம் வா, இப்படி. ஆறு பேரும் "ஓகே மேடம்" என்பார்கள். பிறகு தலைகள் ஒன்றுகூடும். அரை நிமிஷம் குசுகுசு. பிறகு எழுந்து போய் வேலையை அச்சுப் பிசகாமல் செய்வார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். கூடிக் கற்றல் என்று ரிப்போர்ட்டில் எழுதினேன்.

ஒருநாள் அவளிடம் கேட்டேன், "புரியலன்னா என்னையே கேக்கலாமே, ஏன் உங்களுக்குள்ள பேசிக்கிறீங்க?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்யோ, அது நல்லா இருக்காது மேடம். திருப்பிக் கேட்டா நீங்க சரியா சொல்லலன்னு ஆயிடுமில்ல?"

"அப்புறம் எப்படித்தான் தெரிஞ்சிக்குவீங்க?"

"நடவுல இப்டித்தான் மேடம். ஓனரு வரப்புல நின்னுக்கினு ஒரு கத்து கத்துவாரு. காத்துல பாதி பூடும். நாங்க சரிங்கன்னுடுவோம். அவரு அந்தாண்ட போனதும் ஒருத்திய ஒருத்தி கேப்போம், இன்னாடி சொன்னாருன்னு. கிட்ட நின்னவளுக்கு மொத பாதி கேட்டுருக்கும். கோடியில நின்னவளுக்கு மீதி கேட்டுருக்கும். சேத்துப் பாத்தா முழுசா வந்துரும். ஒருநாளும் தப்புனதில்ல."

மற்ற ஐந்து பேரும் தலையாட்டினார்கள். நான் கைதட்டினேன். அட, இதைத்தானே நாலாவது கால் என்று நான் போர்டில் வரைந்தேன், இவர்கள் சேற்றில் நின்றே கற்றிருக்கிறார்களே என்று பூரித்துப்போனேன். இரண்டாவது கால் வேறு இவர்களிடம் ஏற்கெனவே இருந்தது, நான் சொல்லிக்கொடுத்ததைவிட உறுதியாக இருந்தது. யாரிடம் எதைக் கேட்கக் கூடாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். என் புத்தியை எதால் அடிப்பது.

இரண்டாவது மாசக் கடைசியில் ஒரு மழை நாள். வில்லியனூர் பக்கமிருந்து வர வேண்டிய வேன் தண்ணீரில் நின்றுவிட்டது. வகுப்புக்கு, பாகூரிலிருந்து பஸ்ஸில் வருகிற அவள் ஒருத்திதான் வந்தாள். தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. சும்மா உட்காருவானேன் என்று ஒரு வேலை சொன்னேன். மடித்து வைத்த நீல அட்டையை எடு, பிரிக்காதே, உன் நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு வெளியே போய் நில். மெதுவாக, நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னேன்.

"ஓகே மேடம்" என்றாள். எழுந்து நின்றாள். நீல அட்டையைக் கையில் எடுத்தாள். அதற்கு மேல் நகரவில்லை. சிரித்த முகத்தோடு வாசலைப் பார்த்தாள். மற்ற ஐந்து பேரும் அந்த வாசல் வழியாக வருவார்கள் என்று அவள் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்து மறுபடியும் சிரித்தாள். "ஓகே மேடம்" என்று மறுபடியும் சொன்னாள்.

ஆனாலும் என்ன செய்தேன் தெரியுமா? நானும் சிரித்தேன். கையால் நாற்காலியைக் காட்டினேன். அவள் அட்டையை அங்கே வைத்தாள். வெரி குட் என்றேன். இருவரும் டீ குடித்தோம். அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரியாது என்று இனி எவரிடமும் நான் சாதிக்க முடியாது.

மூன்றாவது மாசம் முடிந்தது. கம்பெனி ஆபீஸிலிருந்த பெண், ஆட்களைக் கவனிக்கிற பிரிவு, சின்ன வயது, மதிப்பீட்டுப் படிவங்களைக் கொண்டுவந்து வைத்தாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடுங்க மேடம். அடுத்த பேட்ச்சும் உங்களுக்குத்தான்" என்றாள். இங்கிலீஷில் அச்சடித்த படிவம். அதில் ஒரு வரி, நான் தமிழில் சொல்கிறேன்: இவர் வாய்மொழி உத்தரவுகளைத் தனியாக, உதவியின்றி, புரிந்து செயல்படக் கூடியவர். எதிரே ஒரு சின்னக் கட்டம்.

நான் அவர்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துச் சோதித்தேன். என் முறையே அதுதானே, பேச்சுக்கு இரண்டு பேர் வேண்டாமா? எல்லோரும் பிரமாதமாகச் செய்தார்கள். அவளுடைய படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு வந்தபோது பேனா நின்றது. மழை நாள் ஞாபகம் வந்தது. அவளைத் தனியே கூப்பிட்டு ஐந்து நிமிஷம் சோதித்திருக்கலாம். சோதித்தால் என்ன வரும் என்று தெரிந்ததால்தான் சோதிக்கவில்லை. ஒன்பது வருஷம் காத்திருந்தவளாயிற்றே என்று ஒரு பக்கம் மனசு. ஆறில் ஒன்று தோற்றால் என் முறை தோற்றது என்று இன்னொரு பக்கம் திமிர். கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

அவளுக்கு வேலை நிரந்தரமானது. போன் பண்ணி அழுதாள். நானும் அழுதேன்.

ஒரு மாசம் கழித்து மதகடிப்பட்டில் ஒரு பழக்கடையில் ஆறு பேரில் இன்னொருத்தியைப் பார்த்தேன். அந்த ஊர்க்காரி. ஆரஞ்சைப் பொறுக்கிக்கொண்டே, "எல்லாரும் ஒண்ணா வேலை செய்றீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க மேடம், ஷெட்டுக்கு ஒருத்தி. ஆறு ஷெட்டு, ஆறு பேரு. வாக்கி இடுப்புலயே தொங்குது. அவரு பேசுறது ஆறு வாக்கியிலயும் கேக்கும், நாம செய்யணும்."

"ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்க முடியுமா?"

"போனு உள்ள எடுத்தும் போவக் கூடாது, உள்ள தீப்புடிக்கிற கேஸு இருக்குதுன்னு. நாங்க ஒரு வழி கண்டுபுடிச்சிட்டோம்." குரலைத் தாழ்த்தினாள். "ஓகே சார்ன்னுட்டு ஜன்னலாண்ட வந்து நிப்போம். அடுத்த ஷெட்டு அக்கா கையக் காட்டும். மூடு, தொறன்னு. அந்த அக்காவுக்கு அதுக்கு அடுத்த அக்கா."

ஆரஞ்சு என் கையிலேயே இருந்தது. பாகூர்க்காரி எந்த ஷெட் என்று கேட்டேன்.

"அவளா? கடைசி ஷெட்டு மேடம். காம்பவுண்ட் சுவத்த ஒட்டி. அவளுக்கு இந்தப் பக்கம் ஜன்னல் கெடையாது."

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அவளுக்குப் போன் பண்ணினேன். எல்லாம் நன்றாகப் போகிறது, ஒரு குறையும் இல்லை மேடம் என்றாள். பேச்சோடு பேச்சாக நான் இங்கிலீஷுக்கு மாறினேன். இரண்டாவது வால்வை மூடியே வை, பம்ப் நின்ற பிறகு நான் கூப்பிடுவேன், அப்புறம் திற. இதைத்தான் சொன்னேன்.

"ஓகே மேடம்."

"இன்னா செய்வ, தமிழ்ல சொல்லு பாப்போம்."

போனில் அவள் சிரிப்பு. "ரெண்டாவது வால்வுன்னு சொன்னீங்க மேடம். அத தொறக்கணும். மீதிதான் கொஞ்சம் வேகமா பூட்ச்சி."

அவளிடம் கத்தினேன். அவளிடம் கத்த எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? நாளைக்கே ஆபீஸில் வந்து சொல்லப் போகிறேன், உன்னைப் பழைய பிரிவுக்கே மாற்றச் சொல்கிறேன் என்றேன்.

"வேணாம் மேடம். கால்ல வேணா வுழறேன். பேக்கிங்ல என் எடத்துல வேற ஆள் போட்டாச்சி. இப்ப சொன்னா வூட்டுக்குத்தான் அனுப்புவாங்க. நான் கத்துக்கறேன், நீங்க தனியா சொல்லிக் குடுங்க. ஒரே மாசம்."

நான் சரி என்றேன். அவளைப் போலவே, சரி. ஆபீஸுக்குப் போகவில்லை. போயிருந்தால் என் கையெழுத்து பொய் என்று நானே சொல்ல வேண்டியிருந்திருக்கும், அதையும் சேர்த்தே எழுதுகிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைக்கு நாங்கள் இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பாகூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். நான் அவளைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். முகம் தெரியக் கூடாது, கை தெரியக் கூடாது, குரல் மட்டும். மேனேஜர் மாதிரி விரட்டி விரட்டிப் பேசுவேன். பாதியில் அவளுக்குப் பிடி விட்டுப்போகும். அப்போது அந்த ஒரு வாக்கியத்தை அவள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

முதல் ஞாயிறு கதவுக்கு அந்தப் பக்கமிருந்து "ஓகே மேடம்" மட்டுமே வந்தது. கதவைத் திறந்து பார்த்தால் சேலை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருப்பாள். வாக்கியம் அவளுக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

"சாமி மேல சத்தியமா வாய் வர மாட்டேங்குது மேடம். அவரு அவ்ளோ பெரிய ஆளு. நான் யாரு, திருப்பி சொல்லுன்னு அவர கேக்க?"

"நீ அங்க பர்மனென்ட் ஆளுடி. கேக்க உனக்கு உரிமை இருக்கு. கேளு."

இரண்டாவது ஞாயிறு முணுமுணுத்தாள். மூன்றாவது ஞாயிறு, நான் கதவுக்குப் பின்னாலிருந்து ஏதோ கத்திக்கொண்டிருந்தபோது, திடீரென்று அவள் குரல் வந்தது. என் பேச்சை வெட்டிக்கொண்டு வந்தது. "சாரி சார்! ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்! ப்ளீஸ் ஸே அகைன்!" கதவைத் திறந்து ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன். இருவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. வாழைக்காய் பஜ்ஜி போட்டுச் சாப்பிட்டோம். பஸ் ஏற்றிவிடும்போது, "பயப்படாம கேளு. கேட்டா அவரு சொல்லித்தான் ஆவணும்" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, அரியூர்ப் பக்கம் ஒரு வகுப்பில் இருந்தபோது போன் வந்தது. மதகடிப்பட்டுக்காரி. அழுகையில் பேச்சு புரியவில்லை. "இன்னா ஆச்சி, திருப்பிச் சொல்லு, திருப்பிச் சொல்லு" என்று நான் கத்தினேன். தொட்டி கழுவிக்கொண்டிருந்தபோது பம்ப் நிற்பதற்கு முன்னால் பாகூர்க்காரி வால்வைத் திறந்துவிட்டாள். கொதிக்கிற காஸ்டிக் சோடாத் தண்ணீர் முகத்தில் அடித்துவிட்டது. கண்ணுக்குப் போடுகிற பாதுகாப்புக் கண்ணாடி நெற்றிக்கு மேல் இருந்திருக்கிறது. வேர்வையில் மங்குகிறதென்று அங்கே எல்லோரும் அப்படித்தான் ஏற்றிவிட்டுக்கொள்வார்களாம்.

ஸ்கூட்டரை எடுப்பதற்குள் இன்னொரு போன். ஆபீஸ் பெண். அவளுக்கும் குரல் நடுங்கியது, ஆனாலும் இதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தாள். "ஃபைல எடுத்துப் பாத்தோம் மேடம். உங்க ஃபார்ம் க்ளியரா இருக்கு. தனியா செய்வாங்கன்னு டிக் பண்ணியிருக்கீங்க. அதனால எங்க சைடுல பிரச்சினை இல்ல." போனை வைத்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஒரு பழமொழி இருக்கிறதே, வகுப்பில் எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருக்கிறேன். இனி என் வாயில் அது வராது.

ஆஸ்பத்திரியில் நான்காவது நாள்தான் என்னை உள்ளே விட்டார்கள். இரண்டு கண்ணிலும் கட்டு. ஒன்று போய்விட்டது, இன்னொன்று பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதாக அவள் அம்மா வெளியே வைத்தே சொல்லியிருந்தாள். நான் கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். செருப்புச் சத்தத்தை வைத்தே அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"மேடமா?"

கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏம்மா கேக்கல? அன்னிக்கு அவ்ளோ நல்லா சொன்னியே. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன், ஆனாலும் அதில் குற்றச்சாட்டு இருந்தது. அந்த நேரத்திலும் பழியை அவள் பக்கம் தள்ளத்தான் பார்த்தேன்.

"கேட்டேன் மேடம்." அவள் முகம் கட்டுக்குக் கீழே கொஞ்சம் மலர்ந்தது. வகுப்பில் சரியான விடை சொல்லும்போது மலர்கிற அதே மாதிரி. "நீங்க சொன்ன மாரியே கேட்டேன். சாரி சார், ப்ளீஸ் ஸே அகைன்னு. பயப்படவே இல்ல. சத்தமா கேட்டேன்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"கத்தினாரு. வேகமா சொன்னாரு மேடம். சர்டிபிகேட்டுன்னு ஒரு வார்த்த வந்துச்சி. யுவர் டீச்சர்ன்னு ஒண்ணு வந்துச்சி. மீதி புரியல."

என் கை அவள் கைக்குள் இருந்தது. அதை எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

"அப்புறம்?"

"உங்க பேரச் சொல்லிக் கேக்கறாரு, இன்னொரு தபா கேட்டா உங்களுக்குத்தான மேடம் அசிங்கம்? ஓகே சார்ன்னுட்டேன்."